சத்யாவின் ஓட்டு

“இந்த வருஷம் படிச்சதுலயே இந்தப் பேய் நாவல்தான் பெஸ்ட்டு. வாசகர் வட்டத்துல இதுக்கே ஓட்டுப் போடு அண்ணி,” என்றாள் வைஷ்ணவி.

“இன்னாடி கீது அதுல? சும்மா ஏத்திவுட்டுட்டானுங்க. எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சி. என் ஓட்டு அந்தச் சரித்திர நாவலுக்குத்தான்,” என்றாள் அண்ணி சத்யா.

பேசிக்கொண்டே இருவரும் ஏரியில் இறங்கினார்கள். வைஷ்ணவி குனிந்து, எப்போதும்போல் சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக் கூடையில் போட்டாள். அரை மணி நேரமாகியும் சத்யா குனியவே இல்லை.

“இன்னா அண்ணி, பறி காலியா கீது?”

“இடுப்பு புடிச்சிக்கிச்சிடி.”

வைஷ்ணவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நாவலில் வரும் பேய், சேற்றுக்குள் துழாவுகிற கையைத்தான் பிடித்து இழுக்கும்.

“அப்ப உன் ஓட்டும் பேய்க்குத்தான்னு எழுதிக்கவா அண்ணி?”