சும்மா இருக்க வேண்டிய கைகள்

மறுபடி ஆர்டர் வரும்வரை பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். தினக்கூலிகளுக்கும் பாதிச் சம்பளம் உண்டு என்றது புதுச் சட்டம். ஆனால் மணிக்கட்டில் கம்பெனி மாட்டிய பட்டையைக் கழற்றக் கூடாது. கை தைத்தால் பட்டைக்குத் தெரிந்துவிடும். வேறு யாருக்கோ வேலை செய்ததாகச் சொல்லி, சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள்.

தையல் பிரிந்த ஜாக்கெட்டில் ஊக்கைக் குத்திக்கொண்டாள் மோகனப்பிரியா. திருப்பூரில் ஒரு டெய்லருக்கு வந்த கேடு! கூட வேலை செய்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவளுக்குப் போக ஊரில்லை. ஒற்றை அறையில் டிவியைப் பேசவிட்டுத் தூங்குவாள்.

ஒருநாள் காலையில் போன் அடித்தது. கம்பெனியின் இயந்திரக் குரல்.

"நேற்றிரவு தைத்திருக்கிறீர்கள். சம்பளம் நிறுத்தப்படுகிறது."

"நான் தூங்கிட்டிருந்தேனுங்க!"

"கைகள் துணியைத் தள்ளியிருக்கின்றன. மடித்திருக்கின்றன. திருப்பியிருக்கின்றன."

அவளுக்கு மெல்ல ஞாபகம் வந்தது.

"ஐயோ, அது கனவுங்க."

"யாருக்காகத் தைத்தீர்கள்?"

"உங்களுக்குத்தானுங்க," என்றாள். "கம்பெனி திறந்திருந்துச்சு. மிஷினெல்லாம் ஓடுச்சு. எல்லாரும் வந்திருந்தாங்க."