பெரிய டாங்கி

“பெரிய டாங்கியே போடுங்க” என்றாள் நவமணி.

சிவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டு மேசையில் மூன்று பிளாஸ்டிக் எண்ணெய் டாங்கிகள் கிடந்தன. கோலாலம்பூரில் வாங்கி வந்தவை. எதைத் தன் பொம்மை ஏரோப்ளேனில் பொருத்துவது என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாய்க் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் அவர்தான் பெரிய கிராணி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஏரோப்ளேன் அது. கையில் பிடித்திருக்கும் பெட்டியின் குச்சிகளை அசைத்தால் வானத்தில் வட்டமடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் திடலில் போட்டி. யாருடையது கடைசிவரை மேலே நிற்கிறதோ அவருக்குக் கோப்பை.

“பெரிசு போட்டா எண்ணெ நெறைய புடிக்கும், சரி. கனம் கூடுமே. தரையிலேர்ந்து கெளம்பவே முக்கும்.”

“திடலு நீளமாத்தானே இருக்கு? கொஞ்சம் கூட ஓட விட்டுத் தூக்குங்க.”

“சின்னதுன்னா எஞ்சினுக்குப் பின்னால அப்படியே உக்காந்துக்கும். பெரிசுக்கு உள்ள இருக்குற பலகையச் செதுக்கணும்.”

“செதுக்குங்களேன். பாதியில எண்ணெ தீந்து எறங்குனா, போட்டிக்கு வர்ற அந்தப் பத்தாங் காலிக்காரரு கோப்பையத் தூக்கிட்டுப் போயிருவாரு.”

அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. பெரிய டாங்கியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நவமணி அவருடைய ஏரோப்ளேன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

“மேல போனப்பறம் நீங்க அப்படி இப்படித் திரும்பலாமா?” என்று கேட்டாள்.

“திரும்புறதா? கண்ண எடுத்தா போச்சு லா. நேரா செம்பனை மரத்துல போய்ச் சொருகிக்கும்.”

“அப்போ தாகம் எடுத்தா?”

“நீதான் ஊட்டி விடணும்” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அடுப்படியில் மகள் தேவகி ஒற்றைக் கையால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் கட்டு. போன மாதம் அவர் எஞ்சினைக் கிளப்பியபோது ஏரோப்ளேனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். முன்விசிறி சுண்டுவிரலைச் சீவிவிட்டது. பதறிக் குனிந்த சிவானந்தம் முதலில் விசிறியைத்தான் தடவிப் பார்த்தார். அதில் விரிசலைக் கண்டதும் மகளை அறைந்தார்.

அன்று இரவு நவமணி அவருக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துத் தொழிலாளர்கள் எல்லாரும் திடலில்தான். கிராணியார் சொல்லாமல் அவர் வீட்டுப் பெண்களைக் கேட்டைத் தாண்ட விடாத காவல்காரன்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

பெரிய டாங்கியின் கனத்தில் ஏரோப்ளேன் திடலின் கோடிவரை ஓடி, வேலியை உரசுவதுபோல் எழும்பியது. கூட்டம் கை தட்டியது. வட்டம் மேல் வட்டமாக அது சுற்றச் சுற்ற, மற்றவர்களுடையவை ஒவ்வொன்றாக எண்ணெய் தீர்ந்து இறங்கின. கடைசியில் சிவானந்தத்தினுடையதும் பத்தாங் காலிக்காரருடையதும் மட்டுமே மேலே நின்றன.

நவமணி பிளாஸ்கிலிருந்து தண்ணீர் ஊற்றி அவர் வாயருகே பிடித்தாள். குடித்தார். கண்ணைக் கீழே இறக்கவில்லை.

“எறக்கிராதீங்க. எப்படியும் ஜெயிக்கணும்” என்றாள் அவர் காதருகே.

“போய் நெழல்ல நில்லு.”

அவள் போனாள். நிழலுக்கு அல்ல. வீட்டுப் பின்வாசலில் தேவகி பையோடு காத்திருந்தாள். வீட்டிலிருந்து கேட்டுக்குப் போகும் செம்மண் சாலை திடலின் ஓரமாகத்தான் போகிறது. வேறு வழியில்லை. தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகளின் கட்டுப்போடாத கையைப் பிடித்துக்கொண்டு நவமணி விரைந்து நடந்தாள்.

ஸ்டோர் சோமுதான் முதலில் பார்த்தான். நேரம் குறித்துக்கொண்டிருந்தவன் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றான்.

“ஐயா! அம்மாவும் பாப்பாவும் பையத் தூக்கிக்கிட்டு கேட்டுப் பக்கம் போறாங்க!”

சிவானந்தம் திரும்பினார். செம்மண் சாலையில் இரண்டு முதுகுகளைக் கண்டார். தேவகி திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

வானத்தில் எஞ்சினின் சத்தம் மாறியது. ஏரோப்ளேன் ஒரு பக்கமாகச் சரிந்தது. “ஐயோ!” என்றது கூட்டம். சிவானந்தத்தின் கண்கள் மேலே போயின; சத்தம் மறுபடி சீரானது.

கேட்டுக்கு வெளியே, சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் நவமணியின் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போக, டாக்சிக்காரர் செல்லன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். டாக்சியருகே வந்ததும் தேவகி நின்றுவிட்டாள்.

“அப்பா பாத்துட்டாரும்மா! ஓடி வந்துருவாரு!”

நவமணி திரும்பிப் பார்க்கவில்லை. பையை உள்ளே தள்ளி, மகளையும் ஏற்றினாள்.

“வர மாட்டாரு. ஜெயிச்சுக்கிட்டு இருக்காரு.”