தொழுவத்தில் ஒரு கல்யாணம்

"மதினி, ஒங்க மவ பண்ணுத கூத்தைத் தொழுவத்துல வந்து பாருங்க!"

பக்கத்து வீட்டு இசக்கியம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னாள்.

அன்னத்தாய் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். மறுநாள் மகள் கோமுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்ததிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலையில் வந்து, மாலையில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு இடம் அப்படித் தட்டிப் போயிற்று. கோமுவுக்குப் பத்து வயது முடியப்போகிறது. இந்த நேரத்தில் என்ன கூத்து?

தொழுவத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். ஒருத்தி வாயாலேயே நாயனம் வாசித்தாள். ஒருத்தி இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு சம்பந்தியாக அதட்டினாள். நிஜச் சம்பந்திகள் தோற்றார்கள் போங்கள். மணப்பெண் தலை நிறையப் பூவரசம்பூ வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கோமுவைக் காணோம்.

வைக்கோல் குவித்த மூலையில் இருந்தாள். நெற்றியில் பொட்டில்லை, கையில் வளையலில்லை. அப்பாவின் பழைய வேட்டியை முக்காடு போட்டுக்கொண்டு, கல்யாணத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். கல்யாண வீடென்றால் உள்ளறையில் இப்படி ஒருத்தி ஒளிந்திருப்பாள் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அன்னத்தாய் வேட்டியைப் பிடுங்கி எறிந்தாள். முதுகில் இரண்டு வைத்தாள்.

"வெளங்காத மூதி! நாளைக்குப் பொண்ணு பாக்க வாராவ, நீ தாலியறுத்தவ வேசம் கட்டுதியா? வேற வேசமே கெடைக்கலியாட்டி?"

நாயனம் நின்றுவிட்டது.

"யாராவது ஒருத்தி இருக்கணும்லாம்மா," என்று கோமு விசும்பினாள். "நேத்து பாலம்மாவ இருக்கச் சொன்னாளுவ. அவ அழுதுட்டா."

"அவ அழுதா ஒனக்கென்ன? உள்ளதத்தான சொன்னாளுவ!"

மணப்பெண் நிமிர்ந்தாள். பாலம்மாள்தான் அது, அன்னத்தாயின் கொழுந்தன் மகள். ஒன்பது வயது. புருஷன்காரன் போன ஐப்பசியில் பேதி கண்டு செத்துப்போனான். அன்றிலிருந்து அவள் தலையில் யாரும் பூவைப் பார்த்ததில்லை. பெரியம்மாவைக் கண்டதும் பூவரசம்பூவை அவசர அவசரமாகப் பிய்த்துப் போட்டாள்.

கோமு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள அவளாவே இருக்கச் சொன்னா, அது எப்பிடிம்மா வெளாட்டாவும்?"