தானாக வரும் பட்டி

பிராண்டே நகரில் மழை விட்ட காலை. கணவன் டானியல் புதிதாக வாங்கிய பழைய அமெரிக்கக் காரில் கிளோறியா முன்னால் ஏறி உட்கார்கிறாள். பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த நாளிலிருந்து அவளுக்கு அவன்தான் பெல்ட் போட்டுவிடுகிறான். இன்று அவன் திறப்பைத் திருப்பிக் காரை இயக்கியதும் 'ர்ர்ர்' என்ற சத்தத்தோடு, கதவின் மேற்சட்டத்தில் கறுப்புப் பெல்ட் பட்டியொன்று தானாகப் பின்னால் ஊர்ந்து அவள் தோளில் படிகிறது. "ஐயோ, ஆர் இழுக்கிறது?" "மோட்டர்தான்." "நிப்பாட்டிப்போட்டு இன்னொருக்காப் போடுங்கோ." மூன்றாம் முறையும் கழுத்தைத் திருப்பி அதன் போக்கையே பார்க்கிறாள். "இடுப்புப் பட்டி மட்டும் கையாலதான் பூட்டவேணும்," என்று டானியல் அவள் பக்கம் சாய்கிறான். "விடுங்கோ, நான் பாக்கிறன்." இடக்கை பட்டியை மடிக்குக் குறுக்கே இழுத்து வருகிறது. இரண்டு தரம் வழுக்குகிறது. அவன் கைகளை ஸ்ரியரிங்கிலேயே வைத்திருக்கிறான். 'டக்.' "ஓம், இனி வெளிக்கிடுங்கோ," என்கிறாள்.