சத்தம் அடங்கினதும் திருப்பு

“ஏண்டா, உனக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா வெடித்தாள். தம்பி ரொம்ப இளைத்துப் போய்விட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டு, பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவள்.

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தம்பி மனைவி. போன வருஷம் இரண்டு கண்ணிலும் பார்வை அடியோடு போய்விட்டவள். கோடு போட்ட இரும்புக் கல்லில் குடைமிளகாயும் கத்தரிக்காயும் காளானுமாகப் பரப்பி வாட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி? கதவோரம் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அக்கா கத்தியதற்குக்கூட அவன் திரும்பவில்லை.

“அவசரப்படாதே. சுர்ருனு கேக்குதில்ல? இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். சத்தம் அடங்கினதும் திருப்பு.”

அவள் இடுக்கியை நீட்டினாள். விரல் கல்லில் பட்டுவிட்டது.

“ஸ்ஸ்…”

அக்கா பதறி ஓடினாள். தம்பி கையை நீட்டி மறித்தான்.

“நீ போகாதேக்கா. குழாய் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.”

அவள் தடவித் தடவிக் குழாயைத் திறந்து விரலை நனைத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு துண்டு தீய்ந்து புகைந்தது.

“கருகிடுச்சு பாரு. நாளைக்கு மறுபடியும் செய்.”

“சரிங்க” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“கண்ணு தெரியாதவளை நெருப்புகிட்ட நிறுத்திட்டு நாட்டாமை பண்றியா? உனக்குப் பாரமா இருந்தா சொல்லு. இப்பவே என்கூடக் கூட்டிட்டுப் போறேன்.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். வெளிச்சத்தில் அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். ஆணியில் மாட்டிய மாதிரித் தொங்கியது சட்டை. கண்ணெல்லாம் மஞ்சள்.

“கல்லீரல்ல வியாதிக்கா. முத்திப்போச்சு. டாக்டர் மருந்து எழுதறதையே நிறுத்திட்டார். பிடிச்சதைச் சாப்பிடுங்கன்னு அனுப்பிட்டார்.”

அக்கா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அவகிட்ட மூச்சு விட்டுடாதே. அவளுக்குத் தெரியாது. நாளைக்கு நான் இல்லைன்னா, யார் வீட்டு மூலையிலயோ உக்காந்து, தட்டு எப்ப வரும்னு அவ காதைத் தீட்டிட்டு இருக்கக் கூடாது. இப்படிக் கல்லுல வாட்டறதுல எண்ணெய் தெறிக்காது, கொதிக்கிற தண்ணி கிடையாது. உடம்புக்கும் நல்லது. இதுல கை வந்துட்டா மத்தது தானா வரும். கருகாம ஒரே ஒரு தட்டு எடுத்துட்டான்னா போதும்க்கா. நிம்மதியாக் கிளம்பிடுவேன்.”

பேசியதே அவனுக்கு அதிகம். உள்ளே போய்ப் படுத்தவன் உடனே கண்ணயர்ந்துவிட்டான்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். போனவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

வந்தவளுக்காக இன்னொரு தட்டு தயாராகிக்கொண்டிருந்தது. தம்பி மனைவியின் கைகளில் இப்போது தடுமாற்றமே இல்லை. காதை லேசாகச் சாய்த்து, சத்தம் அடங்க அடங்க ஒவ்வொரு துண்டாகப் புரட்டினாள். பொன்னிறக் கோடு விழுந்த துண்டுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கினாள். ஒன்றுகூடக் கருகவில்லை.

பிறகு, அதிலிருந்து ஒரு நல்ல துண்டை எடுத்து மறுபடியும் கல்லில் போட்டாள். புகை வரும்வரை காத்து நின்றாள்.

“ஏம்மா இப்படி?”

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. “அண்ணியா? மெதுவாப் பேசுங்க, அவர் முழிச்சுக்கப் போறார்.”

“உனக்கு எல்லாம் வருதே. அவனுக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவான்!”

அவள் கருகிய துண்டை எடுத்துத் தட்டின் மேலாக, கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

“பார்வைதான் போச்சு அண்ணி. அவர் பல்லைக் கடிச்சு வலி பொறுத்துக்கறது காதுல விழாம இருக்குமா?” என்றாள். “எனக்குக் கத்துக்கொடுக்க ஏதாவது பாக்கி இருக்கிற வரைக்கும் அவர் கிளம்பமாட்டார்.”