பவளியின் பின்வாசல்

எலிவளைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் ஊரறிந்தது. பின்வாசலை மெல்லிய மண்ணால் மூடி, ஆபத்துக்கென்று வீட்டாருக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொள்வது எலிகளின் வழக்கம்.

வயலின் மின்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் வயல் முழுக்கக் கூவிவிடும். ஆகவே தாய் எலி தன் வளர்ந்த மகள் பவளிக்கு ஒரு மாதம் பாடம் நடத்தினாள்.

"கரிச்சானோடு பேசாதே என்று சொல்லவில்லை. வீட்டு அடையாளம் மட்டும் வாயில் வரக்கூடாது."

ஒருநாள் கரிச்சான் பவளியிடம் சேதி கொண்டுவந்தது. "உன் வயதுப் பெண் எலியாம். சிநேகமாகலாமா, பின்வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள்."

"முதலில் அவள் தன் பின்வாசலைச் சொல்லட்டும்" என்றாள் பவளி.

பதில் வரவில்லை. கேட்டது சாரைப்பாம்பு, அதற்கேது பின்வாசல்?

தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கம்பிக்குக் கீழே போய் நின்றாள். "எல்லாருக்கும் சொல்லு கரிச்சான். நாயுருவிச் செடியடியில் இருக்கிற எங்கள் பின்வாசலை என் மகள் வாயிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது."

பவளி கம்பிக்குக் கீழே ஓடிவந்தாள். "அம்மா, அதையா சொன்னாய்?"

"உன்னைப் புகழ்ந்துதானே சொன்னேன். எத்தனை பேர் பாராட்டுகிறார்கள், கேள்."

மறுநாள் தாயும் அவளுடைய சின்ன மகளும் இரை தேடப் போயிருந்தபோது, முன்வாசலை ஒரு நாய் தோண்டியது. பவளி கற்றபடியே பின்வாசலுக்கு ஓடினாள். அங்கே சாரை காத்திருந்தது.

மூன்றாம் நாள் தாய் அழுதுகொண்டே கம்பிக்குக் கீழே வந்தாள்.

"ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி சொல்லு கரிச்சான். நானும் சின்னவளும் ஆவாரம் புதருக்குக் குடிபோய்விட்டோம். துக்கம் விசாரிக்க வருபவர்கள் அங்கே வரலாம்."