ஏழாவது கோப்பை

கந்தப்பளைக்கு மேலே, காட்டோரத்தில் இரண்டு டிராக்டர் பெட்டிகள் மழையில் நனைந்து நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் பாதை வெட்டச் சம்பளமில்லாமல் வந்த ஏழு பேருக்கும் பன்னிரண்டு நாளாக அதுதான் வீடு. பெட்டிக்கு மேலே கட்டிய படங்குக்குக் கீழே ஒரே பானைச் சோறு. பலகையில் ஏழு ஆணி, ஏழு தகரக் கோப்பை. ஜீப்பில் வந்த காட்டிலாகா மாத்தையா சேற்றுச் சப்பாத்தோடு பெட்டிக்குள் ஏறி, ஏழு பேரில் ஒருத்தியான பேச்சியம்மாவைக் காட்டுகிறார். "பிரஜாவுரிமை இல்லாத ஆள் காட்டுல தங்க ஏலாது. தோட்டத்து லயத்துக்குப் போ." எல்லார் கையிலும் சோறு அப்படியே நிற்கிறது. கூடப் பாதை வெட்டுகிற, பிரஜாவுரிமைப் பேப்பர் வைத்திருக்கும் கடைக்கார வேலாயுதம் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்து எறிகிறான். "பன்னெண்டு நாளா இவங்களும் வேர் வெட்டுனாங்க, அப்ப பேப்பர் கேக்கலீங்களே மாத்தையா? இந்த அட்டைகூட எல்லார் ரத்தத்தையும் ஒண்ணாத்தான் குடிக்குது!" மாத்தையா முகம் சிவக்கிறது. போன ஐப்பசியில் பிரசவ வலியோடு கம்பளியில் தூக்கிப்போன பேச்சியம்மாவின் மகள், பாதையில்லாத இந்தக் காட்டிலேயே செத்தாள். பேச்சியம்மா மழைத்தண்ணீரில் கோப்பையைக் கழுவுகிறாள். தன் ஆணியிலேயே அதை மாட்டுகிறாள். மண்வெட்டியை எடுக்கிறாள். "பாதை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரட்டுங்க. அதுலயே எறங்கி லயத்துக்குப் போறேன்." பாதை இன்னும் வெட்டாத பக்கமாக அவள் நடக்கிறாள். மற்ற ஆறு பேரும் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள்.